பெயர் சொல்லாத சகோதரன்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குவார்ட்டர்ஸில் ஆசீர்வாதத்தைத் தெரியாதவர்கள் இருந்திருக்க முடியாது. உயரம் அப்படி. தலையைக் குனியாமல் அவர் நுழைந்த வீடு அந்த வரிசையிலேயே இல்லை. ஆனால் உயரத்துக்கு ஏற்ற குரல் அவருக்கு வாய்க்கவில்லை. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டாலே பெரிய விஷயம். "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று அவருடைய மனைவி பாக்கியம் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவட்டமாகக் கப்பலேறி வந்தவர். கிள்ளானில் தண்டவாளம் போடும் கும்பலில் சில வருஷம் மண்வெட்டி பிடித்தார். பாக்கியத்தைக் கட்டியதும் அங்கேதான். பிறகு கோலாலம்பூர் யார்டில் பாயிண்ட்ஸ்மேன் வேலை கிடைத்தது. வண்டியை ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடும் நெம்புகோலைத் தள்ளுவதும், இருட்டினால் கைவிளக்கைக் காட்டி இன்ஜின்காரரை வரச் சொல்வதும் நிற்கச் சொல்வதும்தான் வேலை. வாயைத் திறக்கத் தேவையில்லாத வேலை என்பதால் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வேலையோடு குவார்ட்டர்ஸ் வீடும் வந்தது. வேலை போனால் வீடும் போகும். இதை அங்கே யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், ஒரு மழைக்காலத்தில், அவருக்கு வயிற்றுக்கடுப்பு வந்தது. பிழைத்ததே பெரிது என்று ஆஸ்பத்திரி டிரஸர் சொல்லும் அளவுக்குக் கிடந்து எழுந்தார். எழுந்தபோது உடம்பில் பாதிதான் மிச்சம். மறுபடியும் வேலைக்குப் போன சில வாரங்களில், ஒரு சாயங்காலம், யார்டில் விளக்கேற்றுகிற நேரம், எதிரில் நின்றிருந்த கூட்ஸ் பெட்டி அவருக்குத் தெரியவில்லை. பெட்டி நின்ற இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று இருந்தது. கண்ணைக் கசக்கிப் பார்த்தார். அப்போதும் சாம்பல்தான். மறுநாள் விடிந்ததும் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. மறுநாள் சாயங்காலம் மறுபடியும் தெரியவில்லை.

மாலைக்கண் என்ற சொல் அவருக்குத் தெரியாமல் இல்லை. அது சின்னப் பிள்ளைகளுக்கு வருவது, தனக்கு வந்திருப்பது அப்பாவின் வியாதி என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். அவருடைய அப்பாவுக்கு நாற்பது வயதுக்குள் இரண்டு கண்ணும் போய்விட்டன. சாகிறவரை யாராவது கையைப் பிடித்து அழைத்துப் போனால்தான் அவருக்கு நடமாட்டம். ஆசீர்வாதத்துக்கும் நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. கணக்குச் சரியாகப் போய்விட்டது.

டாக்டரிடம் போனால் விஷயம் இரயில்வேக்குப் போகும். பாக்கியத்திடம் சொன்னால் அவள் அழுவாள், அவள் அழுதால் வரிசைக்கே தெரியும். ஆகவே ஆண்டவரிடம் மட்டும் சொன்னார். வெறுமனே சொன்னால் போதாது என்று உபவாசமும் ஆரம்பித்தார். உபவாசம் வெளியே தெரியக்கூடாது, தெரிந்தால் அதற்குப் பலன் இல்லை என்று மெத்தடிஸ்ட் கோயிலில் பலமுறை கேட்டிருந்தார். இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை. வீட்டில், வயிறு இன்னும் சரியாகவில்லை என்று கஞ்சியோடு எழுந்துவிடுவார். யார்டுக்குப் பாக்கியம் கட்டிக் கொடுக்கும் டிபன் கேரியரில் வெறும் சோற்றைத் தான் எடுத்துக்கொண்டு மற்ற அடுக்குகளைச் சின்னையாவிடம் நீட்டிவிடுவார்.

சின்னையா யார்டின் கோடியில் இருந்த கேபினில் சிக்னல்காரர். மனைவியை இழந்தவர். தானே பொங்கித் தானே திட்டிக்கொண்டு சாப்பிடுகிறவர். அவருக்கு இந்த ஏற்பாட்டில் எந்தக் குறையும் இருக்கவில்லை. படுத்துக் கிடந்த மனுஷனுக்கு இரத்தம் ஊறட்டும் என்று பாக்கியம் சனிக்கிழமைதோறும் பாசாருக்குப் போய் ஆட்டு ஈரல் வாங்கி, மிளகு தட்டிப்போட்டு வறுத்து அனுப்புவாள். அதுவும் சின்னையாவுக்குத்தான் போனது. "தங்கச்சி கைக்கு ஒரு மோதிரம் போடணும் தம்பி" என்பார் சின்னையா, விரலைச் சப்பிக்கொண்டே.

கண்ணுக்காக இருந்த உபவாசத்தில் கண் இன்னும் மோசமானது. விசுவாசம் போதவில்லை போலிருக்கிறது என்று ஆசீர்வாதம் கீரையையும் நிறுத்தினார். இப்படிப்பட்ட மனிதரை என்னவென்று சொல்வது?

சாயங்கால முறை வந்தால் அவருக்கு உயிர் போய் உயிர் வரும். நெம்புகோல்களைக் கையால் தடவியே கண்டுபிடித்தார். தண்டவாளத்தைக் காலால் துழாவினார். இன்ஜின் எங்கே வருகிறது என்று காதால் பார்த்தார். ஒருநாள் காது ஏமாற்றிவிட்டது. இன்ஜின் தள்ளிவிட்ட வெற்றுப் பெட்டி ஒன்று சத்தமில்லாமல் உருண்டு வந்து, அதன் முனை அவர் தோளை உரசிக்கொண்டு போனது. ஒரு சாண் இந்தப் பக்கம் நின்றிருந்தால் பாக்கியம் அன்றைக்கே விதவை. அவர் அங்கேயே சரளைக்கல்லில் உட்கார்ந்துவிட்டார். தன் இடத்தில் வேறொருவன் நின்றிருந்து, தான் பச்சை விளக்குக் காட்டியிருந்தால் என்ற நினைப்பு அவரை எழுந்திருக்க விடவில்லை. யாரிடமாவது சொல்லியே தீர வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தார். சொன்னால் வேலையும் வீடும் போகாமல் இருக்க வேண்டும் என்றும் கூடவே முடிவு செய்துகொண்டார்.

இதற்கு வசதியாகக் குவார்ட்டர்ஸில் ஒரு வழக்கம் இருந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வீடு முறை வைத்து ஜெபக்கூட்டம் நடக்கும். பாட்டு, வசனம் எல்லாம் முடிந்ததும் போதகர், "விண்ணப்பங்கள் உண்டா?" என்று கேட்பார். காய்ச்சல், பிரயாணம், பரீட்சை என்றால் அவரவர் சொந்தப் பெயரிலேயே சொல்வார்கள். வெட்கப்படும்படியான விஷயமாக இருந்தால் மட்டும், "ஒரு சகோதரனுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். அந்தச் சகோதரனைப் போலப் பாவப்பட்ட மனிதன் பிரிக்பீல்ட்ஸில் இருந்ததில்லை. அவன் கள்ளுக்கடைக்குப் போனான், மனைவியை அடித்தான், சீட்டாடினான், மகளுக்கு வரன் அமையாமல் தவித்தான். அவனுக்கு ஒரு சகோதரியும் உண்டு. அவள் மாமியாரோடு சண்டை போட்டாள். இவர்கள் இருவருக்காகவும் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாக ஜெபிப்பார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அது யாராக இருக்கும் என்று அதைவிட உருக்கமாகப் பேசிக்கொள்வார்கள்.

செவ்வாய் ஆசீர்வாதத்தின் ஓய்வு நாள். அந்த வாரக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார். அவர் விண்ணப்பம் சொல்லி யாரும் கேட்டதில்லை என்பதால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நம்ம இரயில்வேயில வேலை செய்யிற ஒரு சகோதரன். சாயங்காலமானா கண்ணு தெரியல. அவருக்காக..." என்றார். முடிக்காமலே உட்கார்ந்துவிட்டார்.

நெஞ்சில் இருந்த கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கினார். இறக்கிய கல் யார் தலையில் விழுந்தது என்பது அவருக்கு வியாழக்கிழமைதான் தெரிந்தது.

கூட்டத்தில் அன்று கிளாரன்ஸும் இருந்தார். கோயிலில் அவர் மூப்பர், யார்டில் ஃபோர்மன். கோயிலில் கேட்டதை யார்டில் மறந்துவிட அவரால் முடியாது. கண் தெரியாத ஆள் யார் என்று அவர் கூட்டிக் கழித்துப் பார்த்தார். மற்றவர்களும் வழியெல்லாம் அதைத்தான் செய்தார்கள். எல்லோரும் ஒரே ஆளிடம் போய் நின்றார்கள். சின்னையாவுக்கு வயதாகிவிட்டது, பாட்டுப் புத்தகத்தைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்துப் படிக்கிறார், போன மாதம் கோயில் பெஞ்சில் முட்டிக்கொண்டார். ஆசீர்வாதத்துக்கு நெருங்கிய சிநேகிதர் வேறு. வேறு யாராக இருக்க முடியும்?

வியாழன் மத்தியானம் ஆசீர்வாதம் வழக்கம்போல் டிபன் கேரியரோடு கேபினுக்குப் போனார். சின்னையா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பவில்லை.

"அண்ணே, சாப்பிடுங்க."

"நீயே சாப்பிடு."

"என்னண்ணே?"

சின்னையா திரும்பினார். "எங்கண்ணு தெரியலைன்னு உங்கிட்ட எப்பச் சொன்னேன் தம்பி? கிட்டத்துல இருக்கிற எழுத்து கொஞ்சம் மங்கலு. அது இந்த வயசுல யாருக்கு இல்ல? கிளாரன்ஸ் ஐயா இன்னையிலிருந்து என்னைய ராத்திரி கேபினுக்கு வரவேணாம்னுட்டாரு. வர்ற புதன்கிழமை டாக்டர்கிட்ட கண்ணுச் சோதனை. தவறிட்டா என்னைய இந்த வயசுல எங்க போகச் சொல்ற? உன் சோத்தத் தின்னவன்னு என்னைய விக்கிறதுக்கு உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

'அது நான்தான் அண்ணே' என்று சொல்ல மூன்றே வார்த்தை போதும். அந்த மூன்று வார்த்தைக்குப் பின்னால் வீடும் வேலையும் பாக்கியமும் நின்றார்கள். ஆசீர்வாதம் டிபன் கேரியரை அப்படியே தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் பாக்கியம் காத்திருந்தாள். குழாயடியில் அவள் காதுக்கும் விஷயம் வந்துவிட்டிருந்தது.

"ஏங்க, அடுத்தவங்க கண்ணப் பத்தி உங்களுக்கு என்னங்க? வருஷத்துக்கு ஒரு வார்த்தை பேசுறீங்க. அந்த ஒண்ணும் ஒரு மனுஷன் பொழப்பக் கெடுக்கிற வார்த்தையாவா இருக்கணும்? என் மொகத்தப் பாத்து ஒருத்தியும் பேசமாட்டேங்கிறா."

அவர் கஞ்சியைக் கூடக் குடிக்காமல் படுத்துவிட்டார். கிளாரன்ஸிடம் தனியாகப் போய்ச் சொல்லிவிடலாமா என்று யோசித்தார். சொன்னால் சோதனை வேண்டுமானால் நிற்கும். சின்னையாவைப் பற்றி ஊர் பேசியது நிற்காது. ஊர் நடுவில் போட்டதை ஊர் நடுவிலிருந்துதான் எடுக்க முடியும். அவருக்கு அழுகை வந்தது. சாகடிக்கப் பார்த்த கூட்ஸ் பெட்டிகூட இவ்வளவு பயமுறுத்தவில்லை.

அடுத்த செவ்வாய் கூட்டம் கிளாரன்ஸ் வீட்டிலேயே அமைந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கோபத்தில் பாக்கியம் நாலு எட்டு முன்னால் நடந்தாள். கூட்டத்துக்கென்று அவள் கட்டியிருந்த வெள்ளைச் சேலையை மட்டும் குறி வைத்துக்கொண்டு ஆசீர்வாதம் பின்னால் போனார். உள்ளே பெரிய விளக்கு எரிந்ததால் ஆட்கள் ஓரளவு தெரிந்தார்கள். இராத்திரி வேலை பறிபோன சின்னையாவும் வந்து கதவோரம் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி எல்லோரும் தேவைக்கு அதிகமான அன்போடு இருந்தார்கள். அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

விண்ணப்ப நேரம் வந்தது. அதே வரிசையில் குடியிருந்த இராஜம்மா அக்கா எழுந்து, மருமகளோடு ஒத்துப்போகாத ஒரு சகோதரிக்காக ஜெபிக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவள் உட்காரும் முன்பே ஆசீர்வாதம் எழுந்துவிட்டார்.

"அந்தச் சகோதரன் நான்தான்" என்றார்.

யாருக்கும் கேட்கவில்லை. "என்ன தம்பி? சத்தமாச் சொல்லுங்க" என்றார் போதகர், காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு.

இவ்வளவு சிரமப்பட்டுச் சொன்னதை மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று ஆசீர்வாதத்துக்குக் கோபமே வந்துவிட்டது. "போன வாரம் சொன்ன சகோதரன் நான்தான்யா! எனக்குத்தான் கண்ணு தெரியல! சின்னையா அண்ணனுக்கு ஒண்ணுமே இல்ல!" என்று கத்தினார். பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது.

ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. அப்பாவின் கண் போனது, நெம்புகோலைத் தடவிக் கண்டுபிடிப்பது, பெட்டி தோளில் உரசியது எல்லாம் வந்துவிட்டது. "நேரா சொல்றதுக்குப் பயந்தேன். வீடு போயிடும்னு பயந்தேன். இப்ப எது போனாலும் சரி. அண்ணன் மேல விழுந்த பழி போகணும். என்னைய மன்னிச்சிருங்கண்ணே" என்று கதவுப் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டார். விளக்குக்குத் தூரமாக இருந்த அந்த மூலையில் சின்னையாவின் முகம் அவருக்குத் தெரியவில்லை. தோராயமாகத்தான் கும்பிட்டார்.

பாக்கியம் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டிருந்தாள். போதகர்தான் மெதுவாகக் கேட்டார். "மருந்து ஏதாச்சும் சாப்பிட்டீங்களா தம்பி?"

"இல்லங்கய்யா. உபவாசம் இருக்கேன்."

"என்ன உபவாசம்?"

"கறி, மீனு, முட்டை, பாலு ஒண்ணும் தொடுறதில்ல. இப்பக் கீரையும் விட்டுட்டேன். அப்பவும் சரியாகல."

இராஜம்மா அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அட கர்த்தாவே! கண்ணு தெரியலைன்னா ஈரலையும் மீனையும் தேடித் தேடித் திம்பாங்க. அதையெல்லாம் நிறுத்திட்டா ஜெபம் பண்ணினீங்க? இது மாலைக்கண்ணுங்க!"

அவ்வளவுதான். கூட்டம் உடைந்துவிட்டது. ஒருவர் ஈரல் என்றார், ஒருவர் முருங்கைக்கீரை என்றார், ஒருவர் தன் தங்கைக்கு மாலைக்கண் வந்து மீன் எண்ணெயில் தீர்ந்த கதையைச் சொன்னார். ஆளாளுக்கு ஒரே நேரத்தில் பேசினார்கள். அதற்கு நடுவில் பாக்கியத்தின் குரல் உயர்ந்தது.

"சனிக்கிழமை தவறாம ஈரல் வறுத்து அனுப்பிட்டுத்தானே இருக்கேன்! அது எங்க போச்சு?"

கதவோரத்திலிருந்து சின்னையா தொண்டையைக் கனைத்தார். "அது... என் வயித்துக்குள்ள போச்சு தங்கச்சி."

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். போதகர் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். சின்னையாவும் சிரித்தார், கண்ணைத் துடைத்தார், எழுந்து வந்து ஆசீர்வாதத்தின் தோளைப் பிடித்து உலுக்கினார். "மடையா, எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?" என்றார். அந்த "மடையா"வைக் கேட்டதும் ஆசீர்வாதத்துக்கு மூச்சு சீரானது.

கிளாரன்ஸ் மட்டும் சீக்கிரமே சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "ஆசீர்வாதம், இங்க பாரு. நீ செஞ்சது தப்பு. உன்னால ஒருத்தன் செத்திருந்தா நானும் நீயும் கோயில்ல தலை காட்ட முடியாது. டாக்டர் சரின்னு சொல்றவரைக்கும் பொழுது சாஞ்சா யார்டுக்குள்ள கால வைக்கக் கூடாது. நாளைக்கு நீங்க ரெண்டு பேருமே சோதனைக்குப் போங்க. அதுவரைக்கும் பகல்ல விளக்கு ரூம்ல வேலை செய்யி. வீட்டப் பத்திக் கவலப்படாத. பெரிய துரைகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்.

பிறகு போதகர் ஜெபித்தார். "ஆசீர்வாதத்தின் கண்களைத் தொடும் ஆண்டவரே" என்று ஆரம்பித்தார். எத்தனையோ வருஷமாகக் கூட்டத்துக்கு வருகிறவர்தான். தன் கஷ்டத்துக்காகத் தன் பெயரைச் சொல்லி யாரும் ஜெபித்து அவர் கேட்டதில்லை. குலுங்கிக் குலுங்கி அழுதார். அது துக்கமில்லை. சுமந்தது போதும் என்று யாரோ கையிலிருந்து வாங்கிக்கொண்ட ஆறுதல்.

வீட்டில் பாக்கியத்தின் வழக்கு தனியாக நடந்தது. "ஊருக்கெல்லாம் சொன்னீங்க. எனக்கு மட்டும் சொல்லல. ஏங்க? உங்களுக்கு யாருகிட்டப் பயம்?"

"உங்கிட்டதான். நீ அழுவ. எனக்குத் தாங்காது."

"இப்ப மட்டும் அழாமயா இருக்கேன்?" என்றாள், அழுதுகொண்டே. பிறகு எழுந்து போய் முட்டை பொரித்துக்கொண்டு வந்து வைத்து, அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை நகராமல் நின்றாள்.

டாக்டர் இருவரையும் சோதித்தார். சின்னையாவுக்குத் தூரப் பார்வையில் ஒரு குறையும் இல்லை, படிக்க ஒரு கண்ணாடி போதும் என்றார். ஆசீர்வாதத்துக்கு மீன் எண்ணெய் பாட்டில் ஒன்றைக் கொடுத்து, உங்கள் அப்பாவின் வியாதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஒழுங்காகச் சாப்பிடுங்கள் என்று அனுப்பினார். மீன் எண்ணெயின் நாற்றம் சகிக்காது. அதை அவர் திருவிருந்து அப்பம்போல நன்றியோடு விழுங்கினார். அடுத்த வாரக் கூட்டத்தில் இராஜம்மா அக்கா எழுந்து, "போன வாரம் சொன்ன சகோதரி நான்தாங்க" என்றாள். அது எல்லோருக்கும் முன்பே தெரியும். ஆனாலும் ஒருவரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. சிலர் அதன்பிறகும் பெயர் சொல்லாமலேதான் விண்ணப்பித்தார்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் தைரியம் வந்துவிடுமா?

அந்த நாட்களில் பொழுது சாய்ந்து வெளியே போக வேண்டுமென்றால் பாக்கியம் அவர் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். பிரிக்பீல்ட்ஸில் அப்போது எந்தப் பெண்ணும் புருஷன் கையைப் பிடித்துத் தெருவில் நடந்ததில்லை. கண் தெரியாத ஆள் என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இப்படிக் கையைப் பிடித்து யாராவது கூட்டிப்போகும் நாள் வந்துவிடுமோ என்றுதான் அவர் அத்தனை மாதமும் நடுங்கியிருந்தார். வந்தபோது அது அவர் பயந்த மாதிரியே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை. கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். விளக்கு வைத்தாகிவிட்டது. வழக்கம்போல் எல்லாம் சாம்பலாகும் என்று அவர் காத்திருந்தார். ஆகவில்லை. எதிரில் வந்த சைக்கிள் தெரிந்தது. வேலியில் காயப்போட்டிருந்த துணி தெரிந்தது. தன் வீட்டு வாசலில் நின்று தங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த இராஜம்மா அக்காவின் முகம்கூடத் தெரிந்தது. அவர் நடை சட்டென்று நின்றதும் பாக்கியத்துக்குப் புரிந்துவிட்டது.

"தெரியுதாங்க?"

"தெரியுது. எல்லாம் தெரியுது பாக்கியம்."

அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இராஜம்மா பார்ப்பது நினைவுக்கு வந்து, வெட்கப்பட்டுக் கையை விடப் போனாள்.

"விடாத" என்றார் அவர்.

"ஐயே, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். எனக்கும்தான் அவங்களத் தெரியுது."

பாக்கியம் விடவில்லை. இருவரும் அப்படியே நடந்து கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.